பறக்கிறவன் படம் ஓடின மாதம்

தியேட்டரில் டோர்ச் அடிக்கிறவனிடம் மட்டும் படம் எப்படி என்று கேட்காதீர்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் படம் பார்க்கிறவர்களின் முகம்தான்.

புத்தளம் டவுனில் ஒரு படமாளிகையில் டிக்கட் கிழிப்பதும், பிந்தி வருகிறவர்களுக்கு இருட்டில் கதிரை காட்டுவதும் என் வேலை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற தொழில் இது. படத்தை நான் காதால்தான் கேட்கிறேன். கண் முழுக்க சனத்தின் மேல்தான் இருக்கும். பஸ்ஸில் டிக்கட் போடுகிறவர்கள், பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்கள், கல்யாண வீட்டில் சோறு பரிமாறுகிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் சொல்லாமலே விளங்கும். நாம் கொடுப்பது ஒன்று, சனம் வாங்கிக்கொண்டு போவது வேறொன்று. அதை வீட்டில் சொன்னால், "வேலையைப் பாருங்க" என்பார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

கொஞ்சக் காலத்துக்கு முன் எங்கள் ஹோலில் ஒரு பெரிய படம் ஓடியது. தமிழில் பேச வைத்த வெளிநாட்டுப் படம். பறக்கத் தெரிந்த ஒருத்தன், கடலை எழுப்பி ஊரை மூழ்கடிக்கப் பார்க்கிற ஒருத்தன், இருவருக்கும் சண்டை. இவ்வளவுதான் கதை. வந்த சனமோ அள்ளு கொள்ளை. இப்படிப்பட்ட படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை, பார்த்தபடி சொல்கிறேன்.

நடுவில் ஒரு கதிரை

மதுரங்குளியிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். ஷோ தொடங்க நேரம் இருந்ததால் அந்தத் தாய் வாசலில் நின்று, நானா என்று அண்ணன் முறை வைத்து என்னோடு கதைத்தார். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர். போகும்போது மகள் தவழ்கிற பிள்ளை. இப்போது ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். வளர்த்ததெல்லாம் தங்கச்சி. "சாச்சிக்கிட்டத்தான் எல்லாம் கேப்பா. என்னைய உம்மா எண்டு கூப்பிடக் கூச்சப்படுறா நானா. எங்கயாவது கூட்டிக்கொண்டு போனாச் சரியாகும் எண்டு தங்கச்சி சொன்னா. எங்க போவம் எண்டு கேட்டன், இந்தப் படத்துக்குத்தான் வரோணும் எண்டா" என்றார். மகள் ஒரு பக்கமாக நின்று சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருவரையும் இருத்தினேன். மகள் நடுவில் ஒரு கதிரையை விட்டுத்தான் இருந்தாள். அந்த வெறுங்கதிரையில் தன் கைப்பையை வைத்தாள். தாய் வாங்கி வந்த கடலைச் சுருளை அந்தப் பையின் மேல் வைத்தார், இருவருக்கும் எட்டட்டும் என்று.

இடைவேளைக்குப் பிறகுதான் அந்தக் கெட்டவன் கடலுக்கு அடியிலிருந்து எழும்பி வருவான். திரை முழுக்கச் சிவப்பாகி, கதிரையெல்லாம் அதிர்கிற சத்தம் வரும். முன்னால் நின்ற எனக்கு அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. மகள் பையைத் தள்ளிவிட்டு நடுக்கதிரைக்கு வந்தாள். தாயின் கையைப் பிடித்தாள். பிறகு முகத்தை அவருடைய அபாயாவுக்குள் புதைத்துக்கொண்டாள். தாய் திரையைப் பார்க்கவே இல்லை. அசைந்தால் பிள்ளை விலகிவிடுமோ என்கிற மாதிரி, குனிந்து அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டவன் செத்ததும் மகள் நிமிர்ந்து, கூச்சத்தோடு பழைய கதிரைக்குப் போய்விட்டாள்.

வெளியே வரும்போது, "படம் எப்பிடி ராத்தா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டேன். மகள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நல்லம் நானா. அடுத்த கிழம நான் திரும்பவும் குவைத்துக்குப் போறன். அந்தக் கெட்டவன இவ்வளவு கெதியாச் சாகடிச்சிருக்கத் தேவல்ல."

காவல்

காலம் தவறி ஒரு மழை பெய்தது. உப்புப் பாத்திகளில் விளைந்திருந்ததெல்லாம் கரைந்து போய், வேலை இல்லாமல் உப்பளத்துப் பெண்கள் சிலர் ரெண்டரை ஷோவுக்கு வந்தார்கள். அதில் ஒருவர் தில்லையடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறவர். பெயர் ரஹீமா. சண்டை தொடங்கியதும் மற்றவர்கள் கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள். ரஹீமா ராத்தா கதிரையில் சாய்ந்து தூங்கிவிட்டார். சாதாரணத் தூக்கம் இல்லை. வாய் திறந்து, தலை ஒரு பக்கம் விழுந்து, கைக்குழந்தை தூங்குகிற மாதிரித் தூக்கம். மேலே கட்டிடங்கள் உடைந்து விழுகின்றன, ஹெலிகொப்டர் வெடிக்கிறது, அவர் அசையவே இல்லை.

அவருடைய மூத்த மகனைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். போதைத் தூளுக்குப் பழகிவிட்டான். வீட்டிலிருந்த மின்விசிறியைக் கழற்றி விற்றான். கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனான். தங்கச்சியின் காதுத் தோட்டை, அவள் தூங்கும்போது கழற்றினான். அதற்குப் பிறகு ரஹீமா ராத்தா இரவில் கண்ணை மூடுவதில்லை என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். மகளின் பாயில் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே விடியும் வரை இருப்பாராம். மகனுக்குக் காவல் இருக்கிறாரா, மகனிடமிருந்து காவல் இருக்கிறாரா என்று அவருக்கே தெரியாதாம்.

படம் முடிந்து விளக்குப் போட்டும் அவர் எழும்பவில்லை. கூட வந்தவர்கள் எழுப்பப் போனார்கள். கொஞ்சம் விடுங்கள் என்று நான்தான் கை காட்டினேன். ஹோலைக் கூட்டி முடித்த பிறகு மெதுவாகக் கூப்பிட்டேன். திடுக்கிட்டு எழும்பி முதலில் இடுப்பில் செருகியிருந்த பேர்ஸைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கண்டு வெட்கப்பட்டார். "காசு குடுத்து வந்து படம் பாக்கல்லயே ராத்தா" என்றேன். முக்காட்டைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "இஞ்ச காவலுக்கு மேல ஒருத்தன் பறந்துகொண்டு இருக்கான்தானே தம்பி. அதான் பயமில்லாமக் கண்ணயந்திட்டன்."

முதலாளியின் பத்து நிமிஷம்

எங்கள் முதலாளி ஹாஜியார் தன் ஹோலில் ஓடுகிற படங்களைப் பார்ப்பதில்லை. அறையில் இருந்து தொலைபேசியில் கதைப்பார், பிளேன்டீ குடிப்பார், தொழுகை நேரத்துக்குப் பள்ளிக்குப் போவார். இந்தப் படத்துக்குச் சனம் வந்ததைப் பார்த்து அவருக்கே அதிசயம். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "அடுத்த படம் பாத்துப் போடத்தான் கேக்கிறன். இதில சனத்துக்கு எது ருசி?" என்றார். சண்டை என்றேன். "சண்டை எல்லாப் படத்திலயும் இருக்கு" என்றார். சத்தம் என்றேன். "சத்தம் எங்கட ஜெனரேட்டரிலயும் இருக்கு" என்றார். 

கடைசியில் தானே எழும்பி உள்ளே வந்தார். கதவருகில் சுவரில் சாய்ந்து நின்று பத்து நிமிஷம் போலப் பார்த்தார். பறக்கிறவனை அடித்து, புதைத்து, அவன் மேல் ஒரு கட்டிடத்தையே தள்ளுகிற இடம் அது. ஹோலே மூச்சு விடாமல் இருந்தது. பிறகு கற்கள் அசைந்து, அவன் கை மட்டும் வெளியே வந்ததும் சனம் கூரை பிய்கிற மாதிரிக் கத்தியது. ஹாஜியார் அந்தச் சத்தத்தோடு வெளியே வந்தார். முந்தின வருஷம்தான் அவருடைய கல்பிட்டி இறால் பண்ணை நோய் பிடித்து அழிந்தது. பெரிய மருமகன் அதோடு மகளையும் பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவன், திரும்பி வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "தோக்க மாட்டான் எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச ஒருத்தனப் பாக்கத்தான் இவங்க வாறாங்க. தோத்தவனப் பாக்க வீட்டுக் கண்ணாடி போதும்."

கை தட்டல்

காற்றுக் காலத்தில் கடலுக்குப் போக முடியாது. அப்படி ஒரு நாளில் உச்சமுனையிலிருந்து மீன்பிடிகாரர் சிலர் வந்திருந்தார்கள். அதில் அந்தோனி அண்ணனை எனக்கு முன்பே தெரியும். வந்தால் எனக்கென்று இரண்டு கருவாடு கொண்டு வருவார். அவருடைய தம்பி போன வருஷம் கடலில் போனவன். வள்ளம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. நாட்கணக்காகத் தேடினார்கள், இந்தியக் கரை வரைக்கும் விசாரித்தார்கள். இன்னும் அந்த வீட்டில் தம்பியின் பெண்சாதி வெள்ளை உடுக்கவில்லை.

படத்தில் ஒரு கப்பல் கவிழ்கிற இடம் வருமென்று எனக்குத் தெரியும். அந்தோனி அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லுவோமா என்று இரண்டு தரம் அவர் வரிசைக்குப் போய்த் திரும்பினேன். சொன்னால் அதுவும் ஒரு குத்தல் ஆகிவிடுமோ என்று பயம். கப்பல் கவிழ்ந்தது. ஆட்கள் தண்ணீருக்குள் கையை உயர்த்துகிறார்கள். நான் வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் எழும்பி வந்தால் தடங்கல் இருக்கக் கூடாது என்று. அவர் எழும்பினார். ஆனால் வெளியே வரவில்லை. பறக்கிறவன் தண்ணீருக்குள் பாய்ந்து ஒரு கிழவனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது, எழும்பி நின்றபடியே கை தட்டினார். அவருடைய கை வலை இழுத்த கை. அந்தத் தட்டல் தனியாகக் கேட்டது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. பின்னால் இருந்தவர்கள், "இருங்க, மறைக்குது" என்றார்கள். கூட வந்தவர்கள்தான் அவர்களைப் பார்த்துச் சும்மா இருக்கும்படி சைகை காட்டினார்கள்.

முடிந்ததும் நானே போய், "அண்ணன், அந்த இடத்தில உங்களுக்குக் கஷ்டமா இருக்கும் எண்டு நினைச்சன்" என்றேன். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. "கஷ்டம்தான்" என்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: "படத்தில எண்டாலும் ஒருத்தன் கரைக்கு வந்தாக் கை தட்டத்தான் வேணும் தம்பி. நாங்க கடற்காரர்."

பாலத்தால் போன சனம்

சலீம் காக்கா ஒரு தையல்காரர். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர். தொண்ணூறில் முஸ்லிம்களை எல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது கொடுத்த இரண்டு மணித்தியாலத்தில், கடைச் சாவியையும் மகனையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர். நானும் அதே வருஷம் மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் வள்ளத்தில் வந்தவன்தான். ஆனால் எனக்கு ஒன்றும் நினைவில்லை. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

இந்தப் படத்துக்கு அவர் திரும்பத் திரும்ப வந்தார். சினிமாப் பைத்தியம் உள்ளவர் இல்லை. எனக்குத் தெரிந்து அதற்கு முன் எங்கள் ஹோலுக்கு வந்ததே இல்லை. முதல் தரம் பேரன் கூட்டி வந்தான். பிறகு தனியாக வந்தார். இப்படிப்பட்ட படங்களில் எழுத்தெல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி போடுவார்கள், அடுத்த படத்துக்குத் தூண்டில். பொடியன்கள் அதற்காக இருப்பார்கள். அதையும் பார்த்து அவர்கள் விசில் அடித்துக்கொண்டு போன பிறகும் சலீம் காக்கா வெறுந்திரையைப் பார்த்தபடி இருப்பார். முதல் நாள், படம் முடிந்தது அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். அடுத்த தரமும் அப்படியே இருந்தபோது பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன்.

"என்ன காக்கா பாக்கிறீங்க? முடிஞ்சிது."

"கடல் வருகுது எண்டு சொன்னதும் அந்தச் சனம் பாலத்தால ஓடிச்சே, கண்டியா? ஒருத்தன் தோளில பொடியன வெச்சுக்கொண்டு ஓடினானே?"

எனக்கு அப்படி ஒருத்தனைக் கண்ட நினைவே இல்லை. பிறகு அடுத்த ஷோவில் திரும்பிப் பார்த்தேன். இருந்தான். கண் மூடித் திறப்பதற்குள் கூட்டத்தோடு போய்விடுகிற ஒருத்தன். ஆனால் அன்று சலீம் காக்கா தொடர்ந்து சொன்னார், "அவங்க எங்க போனாங்க எண்டு கடைசி வரைக்கும் காட்டல்ல. எழுத்தோடுற நேரத்திலயாவது வரும் எண்டு பாக்கிறன்."

"விடுங்க காக்கா. ஊர்தான் தப்பிச்சிட்டே. அவங்களும் திரும்பி வந்திருப்பாங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை, சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. முழங்காலில் கை ஊன்றி எழும்பினார். "ஊரக் காப்பாத்திட்டான், நல்லம். ஓடின சனம் திரும்பி வந்து அவங்கட கதவை அவங்களே திறக்கிற ஒரு காட்சி வெச்சிருந்தா, நான் இந்தப் படத்த மௌத்தாகும் வரைக்கும் பாப்பன்."

நிமல் ஐயா

மேலே மிசின் அறையில் படம் ஓட்டுகிறவர் நிமல் ஐயா. சிலாபத்துக்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். எங்களோடு கதைத்துக் கதைத்து நல்ல தமிழ் பழகிவிட்டார். ஆனால் அவசரம் வந்தால் சிங்களம்தான் முந்தும். என்னைச் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மனைவி குசும் அக்காவுக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் இருந்தார். மனைவியோடு நிற்கும்படி ஹாஜியார் சொல்லியும் நிமல் ஐயா வேலைக்கு வந்தார். கேட்டதற்கு, "அவதான் விரட்டுறா. பெரிய படம் ஓடுது, சனம் காத்துக்கொண்டு நிக்கும், நீங்க இங்க இருந்து என் முகத்தப் பாத்து என்ன செய்ய எண்டு சொல்றா" என்றார். ஒவ்வொரு நாளும் போய், படத்துக்கு எவ்வளவு சனம் வந்தது என்று மனைவியிடம் சொல்லுவாராம். அதைக் கேட்டு அவர் சிரிப்பாராம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹோல் நிரம்பி, படியிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் அவருக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மேலே போனேன். நான் கதவைத் திறக்கவும் அவருடைய போன் அடிக்கவும் சரியாக இருந்தது. மகள்தான். அவர் "ஹா... ஹா..." என்று மட்டும், சரி சரி என்கிற மாதிரி, சொன்னார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "நெத்தி உணா மல்லி" என்றார். இல்லாமல் போய்விட்டார் என்று அர்த்தம். எனக்குத் தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"நீங்க போங்க ஐயா. நான் ஹாஜியாரிட்டச் சொல்லிக் கார் எடுக்கிறன். படத்த நிப்பாட்டுவம், சனத்துக்குச் சொன்னா விளங்கும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கார் சொல்லு. நிப்பாட்ட வேணாம்" என்றார். நான் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் சுவரில் இருக்கிற சின்ன யன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். திரையில், கட்டிடத்துக்கு அடியில் பறக்கிறவன் புதைந்து கிடக்கிற இடம். நூற்றுக்கணக்கான முகங்கள் ஒரே மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு தகப்பன் மகளின் கண்ணைப் பொத்தியிருந்தான். அவள் விரலிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் வந்துவிட்டது என்று கீழேயிருந்து குரல் கேட்டது. நிமல் ஐயா தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, யன்னலை விட்டுக் கண்ணெடுக்காமலே சொன்னார்: "இப்ப நிப்பாட்டினா அவன் செத்த மாதிரியே எல்லாரும் வீட்டுக்குப் போகணும். ஓடட்டும் மல்லி, எழும்பட்டும்."

மொத்தத்தில், பறக்கிறவன் படம் எங்கள் பக்கத்தில் ஓடுவதற்கு நான் கண்ட ஒரே காரணம், டிக்கட் எடுத்து வருகிற ஒருத்தராலும் பறக்க முடியாது என்பதுதான்.